ஒரு நாளில் போய்த் திரும்பும் ஊர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, தோள்வலி மட்டும் கேட்பதில்லை. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் விசாரிக்கலாம் என்றால், நான் “சாப்பிட்டியா” என்று கேட்டால் நீ “எத்தனை மணிக்கு” என்கிறாய். முப்பது வருஷம் பஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு எவ்வளவு நேரம் கத்துவது? அதனால்தான் கடிதம்.

உன் அத்தான் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மற்ற நாட்கள் எப்படியோ ஓடிவிடுகின்றன. சனிக்கிழமைதான் நகரமாட்டேன் என்கிறது. போன வாரம் சாவிக்கு நகல் போடப் போனேன். பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடை. சும்மா எட்டிப் பார்க்கத்தான் உள்ளே போனேன். உடைந்த கடிகாரம், யாரோ உட்கார்ந்து தேய்ந்த நாற்காலி, ஒரு டப்பா நிறையப் பழைய மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்திய கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பவர் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் இரண்டரை மணி நேரம் போயிருந்தது. எனக்கே தெரியாமல் போயிருந்தது, தம்பி.

நீதான் எல்லாத் தடத்திலும் பஸ் ஓட்டியவன் ஆயிற்றே. இந்த மாதிரிக் கடைகள் நிறைய இருக்கிற ஊராகச் சொல். காலையில் போனால் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். மேல்வீட்டு டீச்சரும் வருகிறேன் என்கிறாள். அதனால் தனியாகப் போகிறாளே என்று நீ கவலைப்பட வேண்டாம்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

---

பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நலம். உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவளும் உன்னை மிகவும் விசாரித்தாள்.

நீ கேட்டதைப் பற்றி ஒரு முழு நாள் யோசித்தேன். யாரும் என்னிடம் வழி கேட்டு நாளாகிவிட்டது. நல்ல பழைய சாமான் வேண்டுமென்றால், ஒரு காலத்தில் பணம் புரண்டு பிறகு வற்றிப்போன ஊருக்குப் போக வேண்டும். இப்போது பணம் புரள்கிற ஊரில் புதுசு மட்டும்தான் கிடைக்கும். கடைகள் ஒரே தெருவில் இருக்க வேண்டும், உன் வயதுக்கு நான்கு தெரு அலைய முடியாது. நிலையத்தில் சுத்தமான கழிப்பறை இருக்க வேண்டும். திரும்பி வர மூன்று மணிக்கு மேல் இரண்டு பஸ்ஸாவது இருக்க வேண்டும். ஒன்றை விட்டால் ஒன்று.

இதெல்லாம் பொருந்துகிற ஊர் முதலில் இரட்டைப் பாலம். டிரைவர்கள் நாங்கள் ஊர்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைத்தான் எழுதுகிறேன், உனக்கு எந்த ஊர் என்று தெரியும். ஆற்று வழியாகச் சரக்குப் போன காலத்தில் கொழித்த ஊர். பாலம் வந்ததும் படுத்துவிட்டது. வீடுகளைக் காலி செய்தவர்களின் சாமானெல்லாம் தபால் நிலையத் தெருவில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஏழு இருபது பஸ்ஸில் போ. இடப்பக்கம் உட்கார், வெயில் அடிக்காது.

டீச்சர் கூட வருவது நல்லது. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

உன் தம்பி

---

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

இரட்டைப் பாலம் போய் வந்தோம். நீ சொன்னது சொன்னபடி, கழிப்பறை உள்பட. எட்டுக் கடை. அதில் ஒரு கடைக்காரர் எதை எடுத்தாலும் “அது நூறு வருஷம்மா” என்கிறார். பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிக்கும் அதே நூறு வருஷம்தான். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் ஒரு கண்ணாடிக் கூடு வாங்கினேன். உள்ளே யாரோ பென்சிலால் “மறக்காதே” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எதை என்று எழுதவில்லை.

அடுத்த ஊர் சொல். நீங்கள் இருவரும் ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்துகொண்டால் என்ன? பாதி வழியில் ஒரு ஊரில் சந்திக்கலாம். உன் மனைவிக்கும் இதெல்லாம் பிடிக்கும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுப் பரணில் ஏறி, மாலை வரை இறங்காமல் இருந்தவள்தானே?

அக்கா

---

ஏப்ரல் 2

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதம். வீட்டில் வெள்ளையடிப்பு, எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது. நாங்கள் நலம்.

இந்த மாதம் வருவது கஷ்டம். அவளுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் நீண்ட நேரம் உட்கார முடியாது. பிறகு பார்ப்போம்.

மணிக்கூண்டுக்குப் போ. சனிக்கிழமை மதியம் வரை தெருவிலேயே துணி விரித்து விற்பார்கள். அதற்கடுத்து செங்கல் சூளைக்குப் போகலாம், நாற்காலிகளுக்குப் பெயர்போன ஊர். உப்பு என்கிற ஊருக்கு மட்டும் போகாதே. நிறையக் கடைகள் என்று யாராவது சொல்வார்கள். எல்லாம் போலி, சாயம் பூசிப் பழசாக்கியது. ரோடும் மோசம். அந்தப் பக்கமே வேண்டாம்.

அவள் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி

---

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. சனிக்கிழமை நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பீர்கள்.

உப்பில் நான் வேலை பார்க்கிற கடைக் கதவைத் திறந்துகொண்டு நீங்கள் வந்தபோது நான் ஏணிமேல் நின்று கடிகாரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. “டீ குடிக்கலாமா?” என்றீர்கள். போகாதே என்று தம்பி எழுதினான், அதனாலேயே போகத் தோன்றியது என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு அரை மணி நேரம் கடிகாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அவரை விட்டு வந்து வருகிற ஜூனோடு இரண்டு வருஷம் ஆகிறது. அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை, குடித்ததில்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் அவர் ரோட்டில் இருந்தார், மாதத்தில் ஆறு நாள் வீட்டில். நான் என் போக்கில் ஒரு வீட்டை நடத்தப் பழகிவிட்டேன். ஓய்வு பெற்று வந்தவர் எல்லாவற்றையும் சரிசெய்ய ஆரம்பித்தார். டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். நான் குளிப்பதற்கும் கடைக்குப் போவதற்கும் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டினார். அன்பாகத்தான் செய்தார் அண்ணி, எனக்கு மூச்சு முட்டியது. ஒரு நாள் காலையில் போகிறேன் என்று சொன்னேன். அவர் “அக்காகிட்ட மட்டும் இப்ப சொல்லாதே. அத்தான் ஆஸ்பத்திரியில இருக்கார்” என்றார். பெட்டியைத் தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

உங்கள் வீட்டு அண்ணன் காரியத்துக்கு நாங்கள் சேர்ந்து வந்து நின்றோமே, அன்று நான் இங்கிருந்து வந்தேன். நிலையத்தில் எனக்காகக் காத்திருந்து கூட்டி வந்தார். சாயங்காலம் அதே நிலையத்தில் பிரிந்தோம். பிறகு சொல்ல நேரமே வாய்க்கவில்லை போலிருக்கிறது.

அவராகச் சொல்லும் வரை நீங்கள் என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி (இப்படிக் கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை)

---

மே 5

அன்புள்ள உனக்கு,

தாராளமாகப் போடலாம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ ஏணியில் ஏறி இறங்கும் வேகத்தைப் பார்த்தால் முழங்காலைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை.

பொய் சொல்வானேன், உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் உன் அண்ணன் ஞாபகம் வந்தது. முப்பத்திநாலு வருஷம் ஒரே வீட்டில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தோம். ஒரே ஒரு நாள் இந்த வீட்டில் தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நானும் ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது அது தினமும் கிடைக்கிறது. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் அவனிடம் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல், அவனுக்குச் சமைக்கத் தெரியுமா?

அண்ணி

---

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே?

நீ சொன்னபடி மணிக்கூண்டு போய் வந்தேன். நல்ல ஊர். உப்புப் பக்கம் போகவில்லை. ஒரு கிழவர் தன் சொந்தச் சாப்பாட்டு மேஜையையே தெருவில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். “எதுக்கு விக்கிறீங்க?” என்று கேட்டேன். “ஆறு பேர் உக்கார்ற மேஜைம்மா, நான் ஒரு மூலையில உக்காந்து சாப்பிடறேன்” என்றார். நான் வாங்கவில்லை. என் வீட்டிலும் அதே கதைதான்.

தினமும் என்ன சாப்பிடுகிறாய்? இரவில் வயிற்றைக் காயப்போடாதே. சட்டையெல்லாம் யார் துவைக்கிறார்கள்? மிஷின் இருக்கிறதா? காது டாக்டரிடம் கடைசியாக எப்போது போனாய்? இந்தக் கிழவிக்கு என்ன வந்தது என்று நினைக்காதே, சும்மா கேட்கத் தோன்றியது.

உன் மனைவிக்கு முழங்கால் வலி என்றால் நீ மட்டும் வந்தாலும் போதும். ஒரு நாள்தானே.

அக்கா

---

ஜூன் 20

அன்பு அக்காவுக்கு,

நீ கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில்: வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறாள், இந்த வருஷம் நல்ல காய்ப்பு. நேற்றுகூட உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். உனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறாள், பச்சை நிறம். முழங்கால் இன்னும் சரியாகவில்லை, அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி வருவது?

செங்கல் சூளைக்குப் போனாயா? ஆறு நாற்பது பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம், விசாரித்துக்கொண்டு போ. நிலையத்தில் என் பழைய கூட்டாளிகள் யாராவது இருந்தால் என் பெயரைச் சொல், டீ வாங்கித் தருவார்கள்.

டீச்சருக்கு என் வணக்கம்.

உன் தம்பி

---

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன் என்றுதான் எப்போதும் ஆரம்பிக்கிறேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேல்வீட்டு டீச்சர் என்னோடு எங்கும் வந்ததில்லை. உன் அத்தான் போன மூன்றாம் மாதமே அவள் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். மேல்வீடு பூட்டிக் கிடக்கிறது. இரட்டைப் பாலத்தில் அவள் சிரித்ததாக எழுதினேனே, அந்தச் சிரிப்பு என்னுடையது. அதுவும் கடையில் வரவில்லை, பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துப் பார்த்துச் சிரித்தது.

தனியாகத்தான் போகிறேன், தனியாகத்தான் வருகிறேன். செங்கல் சூளையில் ஞாபகமில்லாமல் இரண்டு டீ சொல்லிவிட்டேன். இரண்டும் வந்தது. எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒன்றை வைத்துவிட்டு அந்தப் பையன் போய்விட்டான். ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்து, அதையும் நானே குடித்தேன். அப்புறம் ஒரு கடையில் சவரம் செய்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்தேன். “யாருக்கும்மா?” என்று கேட்டார் கடைக்காரர். “வீட்டுக்காரருக்கு” என்றேன். நல்ல தாளில் சுற்றிக் கொடுத்தார். அங்கே நின்ற அந்த ஐந்து நிமிஷம் நான் ஒருவருக்கு ஏதோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவளாக இருந்தேன், அவ்வளவுதான்.

உன்னைக் கவலைப்பட வைக்கக் கூடாது என்று சொன்ன பொய். சொல்லச் சொல்லப் பெரிதாகிவிட்டது, அந்த டீச்சருக்கு நீ வணக்கம் வேறு சொல்கிறாய். என் தம்பியிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. உனக்கும் என்னிடம் எதற்கும் வெட்கம் வேண்டாம்.

அவசரமில்லை. முடியும்போது எழுது.

அக்கா

---

செப்டம்பர் 30

அக்கா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. ஆறு முறை எழுதிக் கிழித்தேன்.

வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அவள் போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. கொல்லையில் கத்தரி இல்லை, புல்தான் முளைத்திருக்கிறது. ஸ்வெட்டரும் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதும்போது பச்சை நிறம் என்றுகூட எழுதினேனே, அதைப் போட்ட பிறகுதான் எனக்கே பயம் வந்தது. எழுதுகிற அந்த நேரம் அவள் பக்கத்து அறையில் இருப்பது போலவே இருந்தது.

அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்ல முடியவில்லை. அவர் போன பிறகு உன் துக்கத்துக்கு நடுவில் என்னுடையதை எப்படிக் கொண்டுவந்து வைப்பது? அப்புறம் நீ ஊர் கேட்டு எழுதினாய். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. உனக்கு ஊர் சொல்வதற்காகத் தினமும் நிலையத்துக்குப் போய் நேரம் விசாரிப்பேன். இல்லாவிட்டாலும் அங்கேதான் போவேன். மூன்றாம் நடைமேடையில் ஒரு பெஞ்சு இருக்கிறது. புது டிரைவர்களுக்கு என்னைத் தெரியாது, பஸ்ஸைத் தவறவிட்டவன் என்று நினைத்து அடுத்த பஸ் எப்போது என்று சொல்வார்கள். நானும் கேட்டுக்கொள்வேன்.

அவள் உப்பில் ஒரு பழைய சாமான் கடையில் இருக்கிறாள். அதனால்தான் உன்னைப் போக வேண்டாம் என்றேன். கடைகள் போலி இல்லை, நல்ல கடைகள்தான். நான் இரண்டு முறை போனேன். சாமான் வாங்க வந்தவன் மாதிரி உள்ளே நுழைந்து ஏதாவது விலை கேட்கலாம் என்று சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு முறையும் நிலையத்திலேயே ஒரு டீ குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். விலை சொல்லிவிட்டு அவள் “வேற என்ன வேணும்” என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நீ அங்கே போனாயா என்று கேட்கமாட்டேன். போயிருந்தாலும் இப்போது சொல்லாதே.

உனக்கும் எனக்கும் நடுவில் வளைவு என்று ஒரு ஊர் இருக்கிறது. மூன்றே கடை. கழிப்பறை சுமார்தான். ஆனால் உனக்கு நாலு பத்துக்கு ஒரு பஸ், எனக்கு நாலரைக்கு ஒரு பஸ். அக்டோபர் பதினான்கு சனிக்கிழமை. நான் வந்து நிற்பேன்.

உன் தம்பி

---

அக்டோபர் 17

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் சேர்ந்திருப்பாய். தொண்டைதான் கட்டிக்கொண்டது, ஒரு நாள் முழுக்க உன்னோடு கத்தியதில்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும், நடந்ததையெல்லாம் யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இவ்வளவு நாள் உனக்கு எழுதினேன். இந்த முறை நீயும் கூடவே இருந்துவிட்டாய், எழுத என்ன இருக்கிறது? இரண்டாவது கடைக்காரர் நம்மைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துச் சமாதானம் பண்ண வந்தது உனக்கே தெரியும். நீ அந்தப் பித்தளை ஹாரனை அமுக்கிவிட்டு, அது உனக்குக் கேட்டதும் உன் முகம் மாறியதை நான்தான் பார்த்தேன். உனக்குத் தெரியாது, அதனால் எழுதி வைக்கிறேன். அன்று முழுக்க நாம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத்தான் வந்தோம் என்று இருவருக்கும் தெரியும். பேசாததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உன் பேச்சை என்றைக்குக் கேட்டேன்? நான் உப்புக்குப் போனேன். அவள் நன்றாக இருக்கிறாள். உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. இதற்குமேல் நீ கேட்டாலும் என்னிடம் இல்லை. திரும்பி வருவாள் என்று உன்னை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. என் பஸ் அன்று தாமதம். நாலு பத்துக்கு வரவில்லை. அது வருவதற்கு முன்பே, நாலரைக்கு உன் பஸ் கிளம்பிவிட்டது. போய்விட்டாய் என்று நினைத்து, என் பஸ் வருகிறதா என்று பார்க்கப் பையை எடுத்துக்கொண்டு வெளி வாசலுக்கு வந்தால், நிலையத்தைச் சுற்றிக்கொண்டு உன் பஸ் அதே வாசல் வழியாக வந்தது. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் இருந்தாய். முன்னால் குனிந்து அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய், அந்த வாசலில் எப்படித் திருப்புவது என்று இருக்கும். கைக்கு எட்டுகிற தூரம். உன்னைச் சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி “டேய் சக்கரம்!” என்று கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டினேன், நீ திரும்பவில்லை. பஸ்ஸில் கடைசி ஜன்னலில் இருந்த ஒருவர் தனக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார். வயதானவர், அவரை ஏற்றிவிட யாரும் வரவில்லை போல. எனக்குக் கையை இறக்க மனம் வரவில்லை. பஸ் திருப்பத்தில் மறையும் வரை நானும் அவரும் ஆட்டிக்கொண்டே இருந்தோம்.

நவம்பருக்கு ஒரு ஊர் பார்த்து வை.

அக்கா